விட்டுவிட்டால் போதுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து புதருக்குள் மறைந்தது. அவ்வழியே காரில் சென்றவர்கள் எடுத்த படம் சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவிற்று. சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருப்பது முன்பே தெரிந்த செய்திதான் என்றும், அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்சமுள்ள பிராணிகள் என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் நம் புறநகர்த் தெருக்களில் எழுந்த பேச்சு வேறு. இதை இங்கே யார் விட்டது, உடனே பிடித்துக்கொண்டு போகக் கூடாதா என்பதே அந்தப் பேச்சு.

இதே புறநகர் மக்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் குடும்பத்தோடு சென்று, ஆமைக் குஞ்சுகள் கடலில் விடப்படுவதைக் கண்டு கைதட்டி மகிழ்கிறார்கள். நம்மைவிட்டு விலகிச் செல்லும் பிராணிக்கு வாழ்த்து. நம் பக்கத்தில் வாழும் பிராணிக்கு விரட்டு! அருகிவரும் உயிரினங்களை மீட்பது பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தின் குறை இந்த முரண்பாட்டில் நன்றாகவே தெரிகிறது.

'விடுதல்' என்ற ஒரு நாள் செயலையே நாம் 'மீட்பு' என்று கருதிவிட்டோம். இத்தனை குஞ்சுகள் விடப்பட்டன, இத்தனை முதலைகள் ஆற்றில் சேர்க்கப்பட்டன என்ற எண்ணிக்கைதான் செய்தித்தாளில் வருகிறது. மாணவர்களின் கட்டுரை ஏட்டிலும் அதுவே ஏறுகிறது. இந்த அளவுகோல் தவறானது என்று எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடுபவர்களின் உழைப்பைக் குறை கூறுவது நோக்கமன்று. அவர்கள் உழைப்பை நாம் அளக்கும் முறைதான் இங்கே விமரிசனத்துக்கு உரியது.

மூன்று கேள்விகள்

ஓர் இனம் மறைந்துபோன இடத்தில், அவ்வினப் பிராணிகளை வேறிடத்திலிருந்தோ வளர்ப்பகத்திலிருந்தோ கொண்டுவந்து மீண்டும் குடியேற்றுவதை 'மறு அறிமுகம்' என்பர். முற்றிலும் மறையாமல் குறைந்துபோன இடத்தில் மேலும் சேர்ப்பது 'வலுவூட்டல்' எனப்படும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவற்றுக்கான நெறிமுறைகளை 1998-இல் வெளியிட்டது. 2013-இல் அவற்றைத் திருத்தி விரிவாக்கியது. அந்நெறிமுறைகளின் சாரத்தை மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலாவது: அந்த இனம் எதனால் அழிந்ததோ, அந்தக் காரணம் நீங்கிவிட்டதா? இரண்டாவது: விட்டபின் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணுகிறார்களா? மூன்றாவது: அப்பிராணியோடு அக்கம்பக்கத்தில் வாழப்போகும் மக்களுக்கு அதில் பங்கு உண்டா?

இக்கேள்விகளை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால் ஆமைகள் முட்டையிடும் கடற்கரையைக் காணலாம். சற்றுத் தெற்கே சென்றால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அதே வளாகத்தில் இருளர்களின் பாம்புக் கூட்டுறவுச் சங்கம். மூன்றும் மூன்று பாடங்கள்.

தொட்டியும் ஓட்டையும்

முதலில் ஆமையைப் பார்ப்போம். நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்புகின்றன. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

நாயும் நரியும் தோண்டாமலும், மனிதர் திருடாமலும், கரையோர விளக்கொளியால் குஞ்சுகள் திசை தவறிச் சாலைப் பக்கம் போகாமலும் இருக்க, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கும் பணி சென்னையில் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவுதோறும் நடந்து இப்பணியைச் செய்து வருகிறது. வனத்துறையும் பல மாவட்டங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழகக் கரையில் 2 லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

2 லட்சம் என்றதும் மனம் நிறைகிறதல்லவா? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். கடலில் சேரும் குஞ்சுகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றுதான் முழு வளர்ச்சி அடையும் என்பது விஞ்ஞானிகள் பொதுவாகக் கூறும் மதிப்பீடு. நண்டு, பறவை, மீன் ஆகியவற்றுக்கு இரையானவை போக எஞ்சுபவை அவ்வளவே. அப்படியானால் 2 லட்சம் குஞ்சுகளிலிருந்து நமக்குக் கிடைப்பவை சுமார் 200 பெரிய ஆமைகள். அதுவும் உடனே அன்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

இப்போது செலவுப் பக்கத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. நீரில் மூச்சுமுட்டி இறந்ததன் அறிகுறிகள் இவை. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் சுவாசிப்பது. விசைப்படகின் இழுவலையில் சிக்கி நெடுநேரம் மேலே வர முடியாமற் போனால் மூழ்கி இறந்துவிடும். இறந்தவை எல்லாம் கரைக்கு வருவதுமில்லை. ஆக, மாநிலம் முழுவதும் ஒரு பருவம் பாடுபட்டுச் சேர்த்த வரவை, ஒரே மாதச் செலவு விழுங்கிவிட்டது!

ஆயிரத்துக்கு ஒன்று என்பது தோராயமான எண் என்று நீங்கள் தடை கூறலாம். சரி, ஐந்நூறுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரவு 400 ஆகும்; முடிவு பெரிதாக மாறாது. இறந்த ஆமைகள் அனைத்தும் நம் கரையில் பிறந்தவை என்றும் சொல்ல முடியாது. வங்கக் கடலில் பயணம் செய்பவை அவை. எப்படியானாலும் தொட்டி ஒன்றுதான்.

குழாயில் நீர் ஊற்றும்போதே அடியில் ஓட்டை திறந்திருந்தால் தொட்டி நிரம்புமா என்பது சிறுவர் கணக்கு. நிரம்புமா என்பதைத் தீர்மானிப்பது, உள்ளே வரும் வேகத்துக்கும் வெளியேறும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. உள்ளே வருவதை மட்டும் அளந்து தொட்டியின் நீர்மட்டத்தைச் சொல்ல எந்தப் பௌதிக மாணவனாலும் முடியாது. ஆனால் ஆமை விஷயத்தில் நாம் ஆண்டுதோறும் அதைத்தான் செய்கிறோம்.

அமெரிக்காவில் கிரவுஸ், கிரவுடர், காஸ்வெல் என்ற மூவர் 1987-இல் இதையே முறையாகக் கணக்கிட்டனர். பெருந்தலை ஆமையின் வாழ்க்கையை முட்டை, இளமை, முதிர்ச்சி எனப் பல கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் இறப்பைக் குறைத்தால் இனம் மீளும் என்று ஆராய்ந்தனர். முட்டைகள் அனைத்தையும் காப்பாற்றினாலும், வளர்ந்த ஆமைகள் இழுவலையில் இறப்பது தொடர்ந்தால் இனம் குறைந்துகொண்டே போகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிது. முட்டை என்பது வெறும் வாய்ப்பு. வளர்ந்த பெண் ஆமையோ, ஆயிரம் ஆபத்துகளைத் தாண்டி வந்து, இன்னும் பல ஆண்டுகள் முட்டையிடப்போகும் கைமுதல்.

மெக்சிகோ வளைகுடாவில் நடந்தது

பங்குனி ஆமைக்கு நெருங்கிய உறவான கெம்ப் ஆமையின் கதை இதற்குச் சான்று. 1947-இல் மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தில், ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் கரையேறியதாகப் பின்னர் மதிப்பிட்டனர். 1985-இல் கிடைத்தவையோ, பருவம் முழுவதற்கும் 702 கூடுகள் மட்டுமே.

1978 முதல் பத்தாண்டுகள், அங்கிருந்து முட்டைகளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பாட்ரே தீவுக்குக் கொண்டுசென்றனர். பொரித்த குஞ்சுகளைத் தொட்டிகளில் ஓராண்டு வளர்த்துக் கடலில் விட்டனர். பெரிதாக விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது எண்ணம். நாட் பிரேசர் என்ற உயிரியலார் 1992-இல் இதைக் கடுமையாக விமரிசித்தார். நோயின் காரணத்தைத் தொடாமல் அறிகுறியை மட்டும் கவனிக்கும் 'பாதி வழித் தொழில்நுட்பம்' என்றார். இழுவலைகள் இருக்கும் கடலுக்கே திரும்பவும் அனுப்புவதில் என்ன பயன் என்பது அவர் கேள்வி.

இழுவலையில் பொருத்தும் ஆமை விலக்கும் கருவியை அமெரிக்க அரசு 1987-இல் விதியாக்கியிருந்தது. வலைக்குள் சாய்வாக வைக்கப்படும் கம்பிச் சட்டம் அது. இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே புகுந்து உள்ளே போகும். பெரிய ஆமை சட்டத்தில் மோதி, சாய்வில் வழுக்கி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். இக்கருவியும், மெக்சிகோக் கரையின் காவலும் சேர்ந்தபின் கூடுகள் பெருகின. 2009-இல் 20,000-ஐத் தாண்டின. பின்னர் ஏற்ற இறக்கம் உண்டு. பாட்ரே தீவு முயற்சியும் வீணாகவில்லை. அப்படி வளர்த்து விட்ட ஆமைகள் 1996-இல் அங்கே முட்டையிடக் கண்டனர். ஆனால் ஓட்டையை அடைத்த பிறகே குழாய் நீருக்குப் பயன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நிலை என்ன? தமிழகத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்பது விதி. ஆமைகள் கூடும் நீர்ப்பகுதியும் பெரும்பாலும் அதுவே. விதி இருந்தும் இறப்பு நிகழ்கிறது. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை உண்டே என்பீர்கள். கிழக்குக் கரையில் அது தொடங்குவது ஏப்ரல் 15-இல். ஆமைகள் கரைதேடி வருவதோ ஜனவரியில். தடை மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வகுத்தது. அது தொடங்கும் முன்பே ஆமைகளின் முக்கியப் பருவம் முடிந்துவிடுகிறது.

முதலைகளுக்கு இடம் எங்கே?

ஆமைக்கு அழிவுக் காரணம் நீங்கவில்லை. முதலைக்கு வேறு விதமான சிக்கல். இனப்பெருக்கம் நன்றாக நடந்தது, விட இடமில்லை.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு முதலைகள் அருகிவிட்ட நிலையில், இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1975-இல் முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவியது 1976-இல். சதுப்புநில முதலை வளர்ப்பில் எளிதாகப் பெருகும் இனம். நல்ல உணவு கிடைத்தால் ஓராண்டில் இரு முறைகூட முட்டையிடும் என்பது இப்பண்ணையில் கண்ட உண்மை. இங்கிருந்து 1,500-க்கும் மேற்பட்ட முதலைகள் பல மாநிலங்களுக்கும் அண்டை நாடுகளுக்கும் சென்றன. தமிழகத்திலும் அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் இன்று முதலைகள் உண்டு.

ஆனால் 1990-களில் விடுவதற்கு இடம் அருகிற்று. நீர்நிலைகளைச் சுற்றி மக்கள் பெருகினர். முதலையை வரவேற்க யாரும் தயாராக இல்லை. விடுவது நின்றது, பண்ணையில் முதலைகளோ நிறைந்து வழிந்தன. இறுதியில் ஏறத்தாழ 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் விலங்குக் காப்பகத்துக்கு அனுப்ப முடிவாயிற்று. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தள்ளுபடி செய்தது. ஆற்றுக்குப் போக வேண்டிய பிராணி ஒரு கூண்டிலிருந்து மற்றொரு கூண்டுக்குப் போயிற்று. இனத்தைப் பெருக்குவது உயிரியல். அதற்கு இடம் தேடுவது சமூகவியல். முதற் பாதியில் நாம் முதல் வகுப்பு. மறு பாதியில் தேர்ச்சி பெறவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் முதலை இனத்திலேயே விடை இருக்கிறது. நீண்ட மூக்குடைய கரியால் முதலை 1970-களின் நடுவில் நம் நாட்டில் 200-க்கும் குறைவாகவே இருந்தது. அதன்பின் இந்தியாவிலும் நேபாளத்திலுமாக 5,000-க்கும் மேற்பட்ட இளம் கரியால்கள் ஆறுகளில் விடப்பட்டன. பெரும் வெற்றி என்று உலகம் புகழ்ந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோது, 1997-இல் 436 என மதிப்பிடப்பட்ட வளர்ந்த கரியால்கள் 2006-இல் 182 ஆகக் குறைந்திருந்தன! அணைகள், மணல் அள்ளுதல், மீன்வலை ஆகியவை ஆற்றையே மாற்றிவிட்டன. 2007–08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் 100-க்கும் மேற்பட்டவை சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2007-இல் கரியால் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

விட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி; ஆற்றை நோக்கியிருந்தவர்களுக்கு எதிர்பார்த்ததே. இன்று சம்பல் ஆற்றில் கரியால்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஒப்பிடுகையில் தூய்மையாக ஓடும் ஆறு அங்கே இருப்பதே அதற்குப் பெரிய காரணம்.

இருளர் காட்டிய வழி

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். முதலைப் பண்ணை வளாகத்திலேயே அதற்கு ஓர் அழகிய விடை உண்டு.

நம் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம் அவர்களுக்குப் பிழைப்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காத்தன. இருளர் அடுப்பை அணைத்தன. அதோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காட்டை நன்கு அறிந்தவர்களே சட்டத்தின் எதிரிகளாகியிருப்பார்கள்.

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் வெளியில் விடுகிறார்கள். அந்த விஷம் நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குச் செல்கிறது. தோலுக்காகப் பாம்பைக் கொன்றால் ஒரு முறைதான் காசு. உயிரோடு விட்டால் மீண்டும் வருமானம், ஊருக்கு மருந்து. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது இவ்வறிவுக்குக் கிடைத்த மரியாதை.

இங்கும் 'விடுதல்' உண்டு; ஆனால் விழா இல்லை, மேடை இல்லை. விடுபவருக்கே அப்பாம்பு பிழைப்பதில் நன்மை இருக்கிறது. எனினும் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. உரிமத்தில் எத்தனை பாம்புக்கு அனுமதியோ அதற்கேற்பவே வருமானம். பாம்பு வாழும் புதர்க்காடும் ஏரிக்கரையும் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. பங்கு கொடுத்த நாம் இடத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

மீனவருக்கும் இத்தகைய பங்கு தர முடியுமா? குஜராத்தில் செய்திருக்கிறார்கள். வலையில் சிக்கிய புள்ளிச் சுறாவை வலையை அறுத்து விடுவித்தால், வலைக்கான நஷ்ட ஈட்டை அரசு தருகிறது. கொன்று விற்றுவந்த மீனவர்களே இதுவரை 700-க்கும் மேற்பட்ட புள்ளிச் சுறாக்களை விடுவித்துள்ளனர். நம் கடற்கரையிலோ, திறப்பு வழியே மீனும் தப்பிவிடுகிறது, டீசல் செலவுக்கே கட்டவில்லை என்று விசைப்படகு மீனவர்கள் கூறுகிறார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. கருவியின் செலவையும் இழப்பையும் மீனவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, கைதட்டும் இன்பத்தை நாம் எடுத்துக்கொள்வது நியாயமாகாது. கரையோரத்தில் இழுவலை வருவதால் சிறு படகு மீனவரின் வலையும் அறுபடுகிறது. 5 கடல் மைல் விதி காக்கப்பட்டால் அவருக்கும் ஆமைக்கும் சேர்த்தே நன்மை. அந்தச் சிறு படகு மீனவரை முதல் காவலராக ஏற்காத திட்டம் எப்படி நிலைக்கும்?

அப்படியானால் விழா வேண்டாமா?

வேண்டும் என்பதே என் கருத்து. கையளவு குஞ்சு அலையை நோக்கி ஊர்வதைக் கண்ட சிறுவன் கடலை மறக்கமாட்டான். பொரிப்பகமும் தேவையே, ஆனால் கவனத்தோடு. ஆமையின் பால் முட்டையின் உஷ்ணத்தால் தீர்மானமாகிறது. மணல் 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியிருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் ஏற ஏறப் பெண்களே மிகும். ஆகவே பொரிப்பகத்துக்கு நிழலிடுவதும், மணலில் வெப்பமானி செருகி அளப்பதும் அலங்காரமல்ல. இந்த அளவீடுகளையும் விழா மேடையில் சொன்னால் என்ன?

அடுத்த பருவத்தில் செய்தித்தாளில் இத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன என்று படிக்கும்போது, அருகில் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகள் போடுங்கள். வரவில் குஞ்சுகளை ஆயிரத்தால் வகுத்து எழுதுங்கள். செலவில் அதே பருவத்தில் இறந்து ஒதுங்கிய பெரிய ஆமைகளை எழுதுங்கள். செலவு எண்ணிக்கை செய்தியில் இல்லையென்றால், அதைக் கேட்டுப் பத்திரிகைக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். கல்லூரி மாணவர்களே, கரையில் இறந்த ஆமைகளை நாள், இடம் குறித்துப் பத்து ஆண்டுகள் விடாமல் எண்ணினால், அதுவே ஒரு நல்ல ஆராய்ச்சி.

நெடுங்குன்றம் பக்கத்து முதலைக்கும் இதே நியாயந்தான். அதைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே விடுவது? வேறோர் ஊரின் ஏரியில்தானே! அவ்வூர் மக்களும் நம்மைப்போலவே பிடித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். ஏரிக்கரையில் எச்சரிக்கைப் பலகை, முதலை இருக்கும் துறையில் குளிக்காமலும் ஆடுமாடுகளை இறக்காமலும் இருக்கும் பழக்கம், இறைச்சிக் கழிவைக் கொட்டாத ஒழுங்கு, ஆபத்து நேர்ந்தால் உடனே வரும் வனத்துறை ஆள் – இவற்றைக் கேட்டுப் பெறுவதுதான் அங்கே உண்மையான மீட்புப் பணி. அது விழாவைப்போல் ஒரு மாலையில் முடியாது.